முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்

எனக்கு நாற்பத்தொன்பது வயது நடக்கும்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது என் கட்சி. பிரேக் இன்ஸ்பெக்டரின் கட்சி வேறு. முதல் டெஸ்டில், மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். மூன்று முறை கிளப்பினேன், மூன்று முறையும் வண்டி அணைந்துபோனது. இரண்டாவது டெஸ்டில் ரிவர்ஸ் எடுத்து, எல்லைக்காக வைத்திருந்த தார் டிரம்மைச் சாய்த்தேன். காலி டிரம். அது உருண்ட சத்தத்துக்கு மைதானமே திரும்பிப் பார்த்தது. இரண்டு முறையும் டிரைவிங் ஸ்கூல் வண்டியைத்தான் குற்றம் சொன்னேன். கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று அந்த வண்டிக்கே தெரியாது என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"அப்ப நம்ம வண்டியிலயே போ," என்றார் என் கணவர். "அதோட கிளட்ச்சு உனக்குப் பழக்கம்தானே."

அப்படித்தான் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து எங்கள் பழைய வெள்ளைக் காரில் எல் போர்டை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டிப் பழகுவதற்காகச் செப்டம்பரில் எடுத்த என் எல்.எல்.ஆர். லைசென்ஸ் அன்றோடு முடிகிறது. அன்றைக்குத் தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து எல்லாம் ஆரம்பிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நான் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். திங்கட்கிழமை காலை நானே காரை ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருவேன் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

என் கணவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவர். முந்தைய வருஷம்தான் போதும் என்று வேலையை விட்டார். இரும்பைக் கையில் வாங்கினால் நூல் அளவு வித்தியாசத்தையும் சொல்லிவிடுவார். நான் ஓட்டப் பழக வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் அவசரம். எல்.எல்.ஆர். போட ஆளைப் பிடித்தது அவர். ஸ்டியரிங்கைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இவர் உட்கார்ந்தார். "பொழுது சாஞ்சா நீயே ஓட்டு, லைட்டு வெளிச்சத்துக்கும் பழகணும்ல" என்பார். லேபில் இதைச் சொல்லிச் சொல்லியே நான் மற்ற பெண்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன்.

மைதானத்தில் எங்கள் முறை வந்தபோது மணி பத்தே கால். இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். முன்னால் நின்றார். பின்னால் போனார். மறுபடியும் முன்னால் வந்தார்.

"எந்த நம்பர் வண்டிம்மா இது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாக ஓட்டுகிற வண்டியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. திருதிருவென்று கணவரைப் பார்த்தேன்.

"அறுபத்தெட்டு முப்பத்தஞ்சு சார்," என்றார் அவர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி.

"பின்னாடி அதுதான் இருக்கு. ஆர்.சி.யிலயும் அதுதான். கொஞ்சம் முன்னாடி வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்தது எண்பத்தாறு ஐம்பத்துமூன்று. கட்டைவிரல் உயரத்துக்குக் கறுப்பு எண்கள், வெள்ளைப் பலகையில், எந்தச் சந்தேகத்துக்கும் இடம் இல்லாமல். மைக்ராஸ்கோப்பில் குனிந்து ரத்த அணுக்களை எண்ணுகிறவள் நான். மூன்று மாதமாக இந்த வண்டியை வாரம் ஒருமுறை கழுவியும் இருக்கிறேன். கழுவினேனே தவிர, பார்க்கவில்லை.

மூன்று மாதம் என்று எப்படித் தெரியும் என்றால், அந்த பிளேட் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் மாட்டப்பட்டது. டிசம்பர் மழையில் எங்கள் சர்ச் பக்கத்துத் தாழ்வான ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் இறங்கிய கார்கள் எல்லாம் முன்பக்க நம்பர் பிளேட்டைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு வந்தன. எங்கள் காரும்தான். தண்ணீர் வடிந்த பிறகு ரோட்டில் பிளேட்டுகளாகக் கிடந்தன. சர்ச் வாட்ச்மேன் அவற்றைப் பொறுக்கிக் கழுவி, காம்பவுண்டு கம்பியில் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். வருகிறவர்கள் அவரவர் நம்பரைப் பார்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய் எடுத்து வந்து, அன்று மதியமே மாட்டினார்.

"நம்பரப் பாக்காமயா எடுத்தீங்க?" என்றேன் மைதானத்தில்.

"புறா இருந்துச்சே," என்றார்.

எங்கள் சர்ச் பங்கில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வண்டிகளை மந்திரிப்பார்கள். பூசை முடிந்ததும் வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். ஒரு வருஷம் எல்லா வண்டிக்கும் ஒரு நீலப் புறா ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அதை எல்லோரும் நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்டினோம். ஆக, அம்பத்தூரில் புறா ஒட்டிய நம்பர் பிளேட் குறைந்தது நூறாவது இருக்கும். இந்த மனிதர் புறாவைப் பார்த்துவிட்டு நம்பரை விட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று ஞாபகமில்லை.

இன்ஸ்பெக்டருக்கு இரண்டும் வரவில்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"இந்த நம்பர் வண்டி எங்கயாவது யாரையாவது இடிச்சிட்டுப் போயிருந்தா? உங்க வண்டியத்தானே தேடுவாங்க. உங்க பிளேட்ட மாட்டிக்கிட்டு வாங்க. இந்த பிளேட்டோட ஓனரப் பாத்து, அவர்கிட்ட ஒப்படைச்சிட்டு, வாங்கிக்கிட்டேன்னு ஒரு லெட்டர், அவரோட ஆர்.சி. காப்பி. போன்ல போட்டோ காட்ட வேணாம், பேப்பர்ல வேணும். கொண்டு வந்தா டெஸ்ட் எடுக்கிறேன்."

"சார், இன்னைக்கோட என் எல்.எல்.ஆர். முடியுது."

"ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்," என்றார்.

எனக்குப் பயம் வரவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஓடிப் பிடிக்கிற விளையாட்டில் என்னைச் சேர்த்துக்கொண்ட மாதிரி ஒரு வேகம்தான் வந்தது. கணவர் டூல்ஸ் பையை எடுத்து அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிளேட்டைக் கழற்றினார். நான் அதற்குள் போனில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வேறொரு கம்பெனியின் சிவப்புக் கார் என்று வந்தது. ஓனர் பெயர் இருந்த இடத்தில் முக்கால்வாசி நட்சத்திரங்கள்.

நட்சத்திரம் கைவிட்டாலும் புறா இருந்தது. புறா என்றால் எங்கள் பங்குக்காரர்தான். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பிளேட்டைப் படம் எடுத்துப் போட்டு, "இது யாருடைய வண்டி நம்பர்? மிக அவசரம்" என்று எழுதினேன். உடனே ஒருவர் ஆமென் என்றார். ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். இன்னொருவர், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அந்தக் குழுவில் அவசரம் என்ற வார்த்தைக்கு ஜெபம் என்றுதான் பொருள். நான் போனைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"முதல்ல சர்ச்சுக்குப் போவோம்," என்றேன். "நம்ம பிளேட்டு இன்னும் அங்கதான் தொங்கும்."

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அந்தக் கம்பியைத் தாண்டித்தான் பூசைக்குப் போகிறோம். யாரும் எடுக்காமல் ஏழெட்டு பிளேட்டுகள் மழையிலும் வெயிலிலும் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். நிறுத்தும்போதே என் கண்ணில் பட்டுவிட்டது. இடமிருந்து மூன்றாவது. அறுபத்தெட்டு முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு அந்த எண்கள் என்னைப் பார்த்துக் கையாட்டுவது போல இருந்தன. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து, காருக்குள் உட்கார்ந்துகொண்டே படித்தேன்.

"அதோ இருக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க," என்றேன். என்ஜினை அணைக்கவில்லை.

அவர் ரோட்டைத் தாண்டிப் போனார். முதல் பிளேட்டுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். கறிவேப்பிலையை வாங்குவதற்கு முன் முகர்ந்து பார்ப்போமே, அவ்வளவு கிட்டத்தில். அடுத்ததற்குப் போனார். மூன்றாவதன் முன்னால் நின்றார். நான் கார்க் கதவின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, அதுதான், அதுதான் என்று எனக்குள் சொன்னேன். அவர் கட்டைவிரலால் அதன் மூலையைத் தடவினார். எங்கள் பிளேட்டில் புறா எப்போதோ உரிந்துபோயிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நகர்ந்தார். ஐந்தாவதன் மூலையைத் தடவினார். நின்றார். கம்பியை அவிழ்த்து அதை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி எனக்குக் காட்டினார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அதில் பத்து நாற்பத்தொன்று என்று இருந்தது.

பட்டப்பகல். பங்குனி வெயிலில் கண் கூசியது. சேறு இல்லை, கூட்டம் இல்லை, அவசரத்தில் தப்பாக எடுத்தேன் என்று சொல்வதற்கு இரண்டு எண்களுக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. என் கணவரால் ஒரு சாண் தூரத்தில் இருந்த நம்பரைப் படிக்க முடியவில்லை.

காரை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். அவர் கையிலிருந்ததை வாங்கித் திரும்பவும் கம்பியில் மாட்டினேன். மூன்றாவதை அவிழ்த்தேன்.

"ரெண்டும் ஒரே மாரிதான் கீது," என்றார், சிரித்துக்கொண்டே.

"ஆமாங்க," என்றேன்.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து பிளேட்டை மாட்டினார். விரல் நுனியால் ஓட்டையைத் தேடி, விரல் நுனியாலேயே ஸ்க்ரூவை அதில் நிறுத்தி, பார்க்காமல் முடுக்கினார். அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இத்தனை நாளும் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான்தான். பொழுது சாய்ந்தால் நீயே ஓட்டு என்றது எதற்கு, பட்டறை போதும் என்றது எதற்கு, எல்.எல்.ஆருக்கு என்னைத் துரத்தித் துரத்திக் கூட்டிப்போனது எதற்கு என்று ஒன்றன் பின் ஒன்றாக எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது. பாவி மனுஷா, சொல்லியிருக்கலாமே என்று உள்ளே கொதித்தது. ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரியவில்லையே என்று அதற்கும் மேல் கொதித்தது.

அப்போது போன் அடித்தது. பாடற்குழுவில் இருக்கும் ஒரு அம்மா.

"அது எங்க பழைய வண்டி நம்பராச்சே. போன வருஷமே வித்துட்டோம். சென்னீர்குப்பத்துல சீட் கவர் கடை வச்சிருக்கிற பாய் ஒருத்தர் வாங்கினாரு. கடை ஹைவே மேலேயே இருக்கும்," என்றார். "ஏன், ஆக்சிடெண்டா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். மணி பத்தே முக்கால். சென்னீர்குப்பம் என்றால் வானகரம் போய் பெங்களூர் ஹைவேயில் ஏற வேண்டும். நான் அதுவரை ஹைவேயில் ஓட்டியதில்லை.

"நான் ஓட்டட்டா?" என்றார் கணவர். "ஹைவேல லாரிக்காரன்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருவான்."

"வேணாம். நானே ஓட்டுறேன்."

இதற்கு முன் அவர் அப்படிக் கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். இப்போது கொடுக்க முடியாது. ஆக, அந்தக் காரில் எல் போர்டோடு போன நான் ஒருத்திதான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பே முதுகை நிமிர்த்தி உட்கார வைத்தது. வானகரம் வரைக்கும் ஷேர் ஆட்டோக்களோடு மல்லுக்கட்டினேன். ஹைவேயில் ஏறும் இடத்தில் அவர் ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பி, "போ போ, காலியாதான் கீது," என்றார்.

நான் போகவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கண்டெய்னர் லாரி, வீட்டையே தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்து, எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அதன் காற்றில் கார் ஒரு தரம் ஆடியது. அடுத்து ரோடு நிஜமாகவே காலியானதும் முதல் கியரைப் போட்டு ஏறினேன்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஹைவேயில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் கண்ணை நினைத்து ஒரு பெரிய பயம் இருந்தது. அதற்கு மேலே, வேலப்பன்சாவடி தாண்டி நான்காவது கியரில் வண்டி வழுக்கிக்கொண்டு போனபோது, கூச்சல் போட வேண்டும் போல ஒரு சந்தோஷம். லாரிகளை முந்தவில்லை, அவ்வளவு தைரியம் இல்லை. ஒரு பைக்கை முந்தினேன். வைக்கோல் ஏற்றிய ஒரு டெம்போவை முந்தினேன். கணவர் மடியில் எண்பத்தாறு ஐம்பத்துமூன்றை வைத்துக்கொண்டு, "நல்லா ஓட்டுற" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பார். லேத்காரர்.

சீட் கவர் கடை சுலபமாகக் கிடைத்தது. வாசலிலேயே சிவப்புக் கார் நின்றது, புதிதாகச் செய்து மாட்டிய முன் பிளேட்டோடு. பாய் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"மழையன்னிக்கு அம்பத்தூருக்கு ரெக்ஸின் எடுக்க வந்து மாட்டிக்கினேன்க்கா. பிளேட்டு பூடுச்சு, வேற அடிச்சி மாட்டிக்கினேன்."

"புறாவப் பாத்து எங்க ஆளுங்கதுன்னு நெனச்சிட்டோம் பாய்."

"வாங்கும்போதே இருந்துச்சு. பசங்க பிச்சிடலாம்னானுங்க. பறவைதானே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்."

பிளேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கடையின் பில் தாளில் அவரே லெட்டர் எழுதினார். சீல் குத்தினார். பக்கத்துக் கடையில் ஆர்.சி.யைக் காப்பி எடுக்கப் போனார். திரும்பி வந்து லெட்டரை என் கணவரிடம் நீட்டி, "சார், நம்பர ஒருதபா சரிபாத்துக்கங்க," என்றார்.

"நீங்க எழுதுனா கரெக்டாதான் இருக்கும்," என்றார் கணவர். லெட்டரை வாங்காமல், பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த ரெக்ஸினைத் தடவிக்கொண்டே, "இந்த மஞ்சக் கலரு நல்லா கீது பாய்," என்றார்.

பாய் ரெக்ஸினைப் பார்த்தார். வெள்ளை ரெக்ஸின் அது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வழியனுப்ப வருவது போலக் கார் வரைக்கும் வந்து, கணவர் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறுவதற்குள், என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க அத்தாவுக்கும் இப்டித்தான்க்கா இருந்துச்சு. வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியும்னாரு. கண்ணுல பொறை. ஒருநாள் வேலைதான், ஆபரேசன் முடிச்சி மறுவாரமே பேப்பர் படிச்சாரு. பயப்படாதீங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க."

பாயின் அப்பாவான அந்த முகம் தெரியாத அத்தாவுக்கு நான் அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. இன்ஸ்பெக்டர் பைலை மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். லெட்டரைப் படித்தார், ஆர்.சி. காப்பியைப் பார்த்தார், முன்னால் போய் நின்று பிளேட்டை வாய்விட்டே படித்தார். பிறகு பின்பக்கம் போய், அங்கே மூலையில் இருந்த எங்கள் இன்னொரு புறாவைப் பேனாவால் தட்டினார்.

"நம்பர் பிளேட்ல எதுவும் ஒட்டக்கூடாது. இத எடுத்துடுங்க முதல்ல."

நகத்தால் சுரண்டி எடுத்தேன். தீர்த்தம் தெளித்த புறா. ஒரு விநாடி தயங்கி, அதைக் கொண்டுபோய் காருக்குள் டேஷ்போர்டில் ஒட்டினேன்.

"ஏறுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவர் இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் நின்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். ஒரே முறை. ஹைவேயில் ஏறி வந்த காலுக்கு அந்த மேடு ஒன்றுமே இல்லை. வளைத்துக்கொண்டு வந்து நிறுத்தி, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். அதே இடம், அதே டிரம். யாரோ அதைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பக்கவாட்டில் நெளிந்திருந்த பள்ளம் என்னுடையதுதான்.

கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் வேப்பமரம் தெரிந்தது. மரத்தடியில் என் கணவர் தெரிந்தார். அவர் சிரித்துக்கொண்டே, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று கையால் வழி காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இல்லை. மைதானத்தின் அந்தக் கோடியில், டிரைவரே இல்லாமல் நின்றுகொண்டிருந்த வேறொரு வெள்ளைக் காருக்கு.

கண் நிறைந்துவிட்டது. இப்போது அழுதால் டிரம் தெரியாது என்று எனக்கு நானே அதட்டினேன். இமையை இரண்டு தரம் தட்டி, டிரம்மை மட்டும் பார்த்தேன். கிளட்ச்சை முடி அளவு முடி அளவாக விட்டேன். வண்டி பின்னால் போனது, போனது, கோட்டுக்குள் போய் நின்றது. டிரம்முக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

"போன தடவை யார்ம்மா ஓட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தாளில் கையெழுத்துப் போட்டார்.

மரத்தடிக்கு நேராகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி ஒரு சின்ன ஹார்ன் கொடுத்தேன். அவர் திடுக்கிட்டு, அந்த வெள்ளைக் காரையும் எங்கள் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"பாஸா?"

"பாஸ்."

"நான் பாத்துகினுதானே இருந்தேன். சூப்பரா எடுத்த," என்றார். என் முகத்தைப் பார்த்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நான் இறங்கி முன்னாலும் பின்னாலும் போய் எல் போர்டுகளை உரித்து எடுத்தேன். முன்னால் குனிந்தபோது எங்கள் நம்பரை ஒரு தடவை படித்தேன். பின்னால் குனிந்தபோதும் படித்தேன். இரண்டும் ஒன்றுதான். மறுபடி ஏறி வண்டியைக் கிளப்பி, மைதானத்துக் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டு முனைக்கு வந்தோம். இடது பக்கம் போனால் கள்ளிக்குப்பம். வலது பக்கம், நாலு சிக்னல் தாண்டினால் கண் ஆஸ்பத்திரி. மதியம் மூன்று மணி வரைக்கும் டோக்கன் கொடுப்பார்கள். எங்கள் லேபுக்கு அங்கிருந்து தினமும் ரத்தம் வரும், எனக்குத் தெரியும்.

நான் இண்டிகேட்டரைப் போட்டேன். அது டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் எந்த அம்பு மின்னுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங் திரும்பிய பிறகுதான் உடம்பு சாய்ந்த பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

"ஊட்டுக்கு லெஃப்ட்ல போணும்," என்றார்.

"தெரியும்," என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம். முதல் சிக்னலில் நின்றபோது, கியரின் மேல் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார். சிக்னல் மாறியது. அவருக்காக நான் சொன்னேன், பச்சை என்று.